கோடித்துணி: ஒரு சுரூபம் இரண்டு முறை வார்க்கப்பட்ட கதை

தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கத்தோலிக்கக் கோவில். அதற்கு இரண்டரை அடி உயரத்தில் ஐம்பொன்னில் உயிர்த்த ஆண்டவர் சுரூபம், அதாவது கல்லறையிலிருந்து எழுந்த இயேசுவின் சிலை வேண்டும் என்று வேலை வந்தது. மெழுகு உருவைச் செய்தது காரைக்குடியில், நான். மண் கட்டி வார்த்தது சுவாமிமலைப் பட்டறை ஒன்று. முதல் வார்ப்பில் வலது கையின் மூன்று விரல்கள் வரவில்லை, மணிக்கட்டில் ஒரு கோடும் விழுந்தது. இரண்டாவது வார்ப்பு நன்றாக வந்தது. ஆனால் அது முதலில் நினைத்த சுரூபம் இல்லை.

தப்பு பட்டறையுடையது அல்ல, என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏன் ஐம்பொன்

இந்தப் பக்கத்துக் கோவில்களில் சுரூபம் என்றால் பிளாஸ்டர், இப்போது ஃபைபர். அதற்கும் முன்னால் கப்பலில் வந்தவை. சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கும் இடைக்காட்டூர்த் திரு இருதயக் கோவில் 1894-இல் கட்டியது. அங்குள்ள பிரெஞ்சு சுரூபங்களைப் பார்த்தால் அந்தக் காலத்து ரசனை தெரியும். நல்ல வேலைதான். ஆனால் அந்த முகங்களின் நகலுக்கு நகல் எடுத்து, ரோஸ் கன்னமும் நீலக் கண்ணுமாக ஊர் ஊராக வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் சோர்வுதான் வரும்.

பங்குத்தந்தையின் காரணம் ரசனை இல்லை, செலவு. உயிர்ப்புப் பெருவிழாவுக்குச் சப்பரத்தில் பிளாஸ்டர் சுரூபத்தை ஏற்றி ஊரைச் சுற்றுவார்கள். பாதை மேடுபள்ளம். ஏதாவது ஒரு வருடம் ஆண்டவரின் கை உடையும், கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை எம்சீல் வைத்து ஒட்டுவார். கடைசியாக நான் பார்த்தபோது அந்தக் கையில் எம்சீல்தான் அதிகம், பிளாஸ்டர் குறைவு. "உடையாத கை ஒண்ணு வேணும் தம்பி" என்றார் சாமி. பங்குத்தந்தையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இதுதான் எனக்குக் கிடைத்த ஒரே நிபந்தனை. அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

கிறிஸ்தவச் சிற்பம் நம் மண்ணின் முறையில் இருக்கலாமா என்பது பழைய விவாதம். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டிலேயே, எந்த மக்களின் கலைக்கும் கோவிலில் இடம் உண்டு என்று சொல்லிவிட்டது. சென்னைக் கலைப்பள்ளியின் எஸ். தனபால், செம்புத் தகட்டை அடித்து உரு எடுத்த பி. வி. ஜானகிராம் போன்றவர்கள் கிறிஸ்துவைத் தங்கள் வழியில் செய்து பார்த்தார்கள். குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் 1950-இல் தொடங்கிய சாந்திவனம் என்ற கிறிஸ்தவ ஆசிரமத்தின் கோவிலுக்குக் கோபுரமே உண்டு. எனக்குள்ள வருத்தம் வேறு. இந்த வழியில் பிறகு வந்த பல சுரூபங்கள் வேஷம் மாற்றுவதோடு நின்றுவிட்டன. இயேசுவைப் பத்மாசனத்தில் உட்காரவைத்து, கையில் ஒரு முத்திரை கொடுத்து, கீழே தாமரை வைத்தால் முடிந்தது. புத்தரின் உடம்பில் தாடி ஒட்டியதுபோல இருக்கும். அதை மட்டும் செய்யக்கூடாது என்று நினைத்தேன். எதைச் செய்வது என்பதில் தெளிவு இல்லை.

மனுஷ அளவா, சாமி அளவா

ஓவியத்தை எடுத்துக்கொண்டு சாமியும் நானும் சுவாமிமலைக்குப் போனோம். ஸ்தபதியார் பார்த்துவிட்டு, அழகைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கேட்டது ஒரே கேள்வி: "என்ன தாளம்?"

முகத்தின் நீளம் ஒரு தாளம், அதில் பன்னிரண்டு அங்குலம். இந்த அங்குலம் உருவுக்கு உள்ளேயே எடுக்கும் பங்கு, ஸ்கேல் அங்குலம் அல்ல. எட்டுத் தாளம் என்றால் 96 பங்கு, மனிதருக்கு உரியது. ஒன்பது என்றால் 108. பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், 124 பங்கு. உயரத்துக்குத் தென்னையோலை ஒன்றை நறுக்கி, அதை மடித்து மடித்துப் பங்கு பிரிப்பார்கள். ஒடியோலை என்று பெயர். டேப் இருக்கும்போது ஓலை எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை மடித்துப் பார்க்கலாம். மடித்த ஓலை கண்ணிமை, மூக்கு நுனி, நாபி என்று தானாகவே இடம் சொல்லும்.

நான் பதில் தெரியாமல் நின்றேன். ஸ்தபதியார் விளக்கிக் கேட்டார்: "மனுஷ அளவா, சாமி அளவான்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு சொன்னாத்தான் ஓலை நறுக்க முடியும்."

சாமி வாய்விட்டுச் சிரித்தார். "இயேசு மனுஷனா, கடவுளான்னு தீர்க்கத்தாங்க 451-ல கால்செதோன்ல பிஷப்புங்க சங்கமே கூட்டினாங்க. ரெண்டும்னு முடிவு பண்ணாங்க."

"ரெண்டும்னா ஒம்பதுல வைப்போம்" என்றார் ஸ்தபதியார், கொஞ்சமும் தயங்காமல். ஓலை நறுக்கப்பட்டது. ஆயர்கள் கூடித் தீர்த்த விஷயம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

நான் மெழுகில் செய்த தப்பு

வழக்கமான பட்டறை மெழுகு என்பது தேன்மெழுகு, குங்கிலியம் என்கிற மரப்பிசின், கொஞ்சம் எண்ணெய். இளஞ்சூட்டில் குழையும், தண்ணீரில் போட்டால் இறுகும். ஸ்தபதிகள் பக்கத்தில் தண்ணீர்ச் சட்டியை வைத்துக்கொண்டு, கையைச் செய்து தண்ணீரில் போடுவார்கள், காலைச் செய்து போடுவார்கள். சுவாமிமலையில் செய்து சுவாமிமலையிலேயே வார்ப்பதால் இது போதும்.

நான் செய்தது காரைக்குடியில், சித்திரை மாதம். ஓட்டுக் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்குப் பட்டறை மெழுகில் செய்த விரல், மூன்று மணிக்குத் தலை குனிந்துவிடும். ஆயிரம் சன்னல் வீடு கட்டிய செட்டியார்கள் சும்மாவா ஆத்தங்குடிக் கல்லைத் தரையில் போட்டு, முட்டையும் சுண்ணாம்பும் சேர்த்துச் சுவரை இழைத்தார்கள்! என் கூடத்தில் அந்த வசதி இல்லை. அந்த உருவைக் காரில் கும்பகோணம் வரை கொண்டுபோக வேறு வேண்டும். அதனால் மெழுகுக் கலவையை மாற்றினேன். குங்கிலியத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, கடினமான பாரஃபின் மெழுகைச் சேர்த்தேன். உரு கிண்ணென்று நின்றது. வலது கை தலைக்கு மேலே உயர்ந்து, விரல்கள் விரிந்து, வெயிலுக்கு அசையவில்லை. ரொம்பச் சந்தோஷம்.

கலவையை மாற்றியதைப் பட்டறையில் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்லவேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

முதல் வார்ப்பு

மெழுகு உருவின்மேல் முதல் பூச்சு, சலித்த காவிரி வண்டல். பால் மாதிரி கரைத்துத் தடவுவார்கள். கைரேகைகூட அதில் பதியும், அதனால்தான் இந்த மண்ணுக்கு இவ்வளவு பெயர். அது நிழலில் காய்ந்த பிறகு களியும் மணலும் கலந்த பூச்சு, அப்புறம் இன்னும் கரடான பூச்சு, சுற்றிலும் இரும்புக் கம்பி. உலோகம் உள்ளே போக ஒரு வாய், காற்று வெளியேறச் சில துளைகள். எல்லாம் காய்ந்ததும் வறட்டி மூட்டத்தில் வைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி வழிந்துவிடும். உள்ளே வெற்றிடம் ஒன்று உருவின் வடிவில் நிற்கும். அந்த மண் கூட்டைச் சூடு ஆறும் முன் குழியில் நிறுத்தி, சுற்றி மண் இட்டு இறுக்கி, உருக்கிய உலோகத்தை ஊற்றவேண்டும். ஒரு கூட்டுக்கு ஒரு வார்ப்புதான். உடைத்துத்தான் எடுக்கவேண்டும்.

எவ்வளவு உலோகம் தேவை? மெழுகை நிறுத்து, அதிலிருந்து கணக்கிடுவது பழைய முறை. 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் வந்த மானசோல்லாசத்திலேயே இந்த மெழுகுக் கணக்கு இருக்கிறது. இந்தப் பட்டறையில் எட்டு மடங்கு, அதற்குமேல் குறைந்துவிடாமல் இருக்கக் கைக்காவல் கொஞ்சம். என் மெழுகு, வாய்க்கும் துளைகளுக்கும் வைத்த குச்சிகளையும் சேர்த்து, ஐந்தரை கிலோ. எட்டு மடங்கு 44. கைக்காவல் ஆறு. ஆக 50 கிலோ, மூசை என்கிற உருக்குக் கலம் இரண்டில் உருகியது.

முதல் மூசை இறங்கியது. இடைவெளி விடாமல் இரண்டாவது. அதுவும் தீர்ந்தது. வாயில் உலோகம் ஏறி நிற்கவேண்டும், நிற்கவில்லை. எட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பாக, கீழே எங்கோ தெரிகிறது. அந்த ஒரு கணம் யாரும் பேசவில்லை. பக்கத்து உலையில் வேறொரு உருவுக்காக உருகிக்கொண்டிருந்த மூசையை இடுக்கியில் தூக்கி, இங்கே கொண்டுவந்து ஊற்ற இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். வாய் நிறைந்தது. "பாப்போம்" என்றார் ஸ்தபதியார். அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் உடைத்தோம். முகம் அருமை. மார்பு, கால், பீடம் எல்லாம் சரி. வலது மணிக்கட்டில் தலைமுடிக் கனத்தில் ஒரு கோடு சுற்றிலும். அதற்கு மேலே உள்ளங்கை வந்திருந்தது, பெருவிரலும் சுண்டுவிரலும் வந்திருந்தன. நடு மூன்று விரல்களின் இடத்தில் மழுங்கிய மொட்டு. மொட்டின் விளிம்பு உடைந்ததுபோல் இல்லை, உருண்டு வழவழப்பாக இருந்தது.

எது காரணம்

பட்டறையில் மூன்று பேச்சு இருந்தது. காற்று அடைத்துக்கொண்டது என்றார் ஒருவர். கூடு ஆறிவிட்டது என்றார் இன்னொருவர். உலோகம் சரியாக உருகவில்லை என்று ஒரு முணுமுணுப்பு.

கூடு மொத்தமாக ஆறியிருந்தால் மெல்லிய இடமெல்லாம் கெட்டிருக்கும். இடது கை விரல்கள் கீழே தொங்குகின்றன, அவையும் மெலிசுதான், நகம் வரை வந்திருந்தன. உலோகத்தின் சூட்டுக்கும் அதே பதில். காற்று அடைத்திருந்தால் விரல் கெடலாம், ஆனால் மணிக்கட்டில் கோடு விழ வேண்டியதில்லை. அந்தக் கோடுதான் சாட்சி. முதலில் ஊற்றியது அதுவரை ஏறி நின்றிருக்கிறது. காத்திருந்த இரண்டு நிமிடத்தில் அதன் மேல்தோல் இறுகிவிட்டது. பிறகு வந்த உலோகம் அதன்மேல் படுத்ததே தவிர, கலக்கவில்லை. நெற்றியும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே கோடு இல்லை. தலை கனமானது, சூட்டைத் தாங்கியது. மணிக்கட்டு ஒரு பென்சில் கனம், தாங்கவில்லை. அதற்குமேல் போனது ஆறிப்போன உலோகம், விரல் இடுக்குகளில் நுழையும் ஓட்டம் அதற்கு இல்லை.

சரி, உலோகம் ஏன் குறைந்தது? எட்டு மடங்குக் கணக்கு நூற்றுக்கணக்கான உருவுக்குச் சரியாக வந்த கணக்கு. ஸ்தபதியார் என் மெழுகுத் துண்டு ஒன்றை எடுத்து நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்து, தம் மெழுகுத் துண்டு ஒன்றோடு சேர்த்துத் தண்ணீர்ச் சட்டியில் போட்டார். அவருடையது கிட்டத்தட்ட முழுதும் மூழ்கி, முதுகை மட்டும் காட்டியது. என்னுடையது தக்கை மாதிரி மிதந்தது.

"இது என்ன மெழுகுங்க?" என்றார்.

குங்கிலியம் கலந்த மெழுகு ஏறக்குறைய தண்ணீரின் எடை. பாரஃபின் அதைவிடப் பத்தில் ஒரு பங்கு லேசு. அதே பருமனுள்ள உரு என் மெழுகில் எடை குறைவாக நின்றது. தராசு பொய் சொல்லவில்லை, நான்தான் தராசை ஏமாற்றிவிட்டேன். அவர் மெழுகில் அந்த உரு ஆறு கிலோ நிறுத்திருக்கும், எட்டு மடங்கும் கைக்காவலும் சேர்ந்து 54. உண்மையில் தேவைப்பட்டது 52, 53 கிலோ. நாங்கள் உருக்கியது 50. மூன்று கிலோ வித்தியாசம், மூன்று விரல். காரைக்குடி வெயிலுக்குப் பயந்து மாற்றிய கலவை சுவாமிமலையில் கணக்கைக் கவிழ்த்தது.

ஒட்டிவிடலாமா

பங்குப் பேரவையில் பாதிப் பேர் ஒட்டிவிடலாம் என்றார்கள். நியாயமான யோசனை. விரல்களைத் தனியாக வார்த்துப் பற்றவைத்து, அரம் போட்டுத் தேய்த்தால் பத்தடி தூரத்தில் யாருக்கும் தெரியாது. ஊனமான உருவை வழிபடக்கூடாது என்பது ஆகமக் கோவிலின் விதி, நமக்கு அது கிடையாது என்றும் ஒருவர் சொன்னார். அதுவும் சரி.

ஸ்தபதியார் தயங்கினார். விதியைச் சொல்லவில்லை. "கையில ஆணி அடிச்ச சாமிங்க. அந்தக் கையை நான் ஒட்டுப்போட்டுக் கொடுத்தேன்னு இருக்கவேணாம்" என்றார். சாமிக்கும் எனக்கும் வேறு காரணம் இருந்தது. சப்பரத்தில் குலுங்கப் போகிற சுரூபம், பற்றவைத்த இடம்தான் முதலில் விடும். ஏற்கெனவே எம்சீல் கையைப் பார்த்த ஊர். மறுபடி வார்ப்பது என்று முடிவானது. உலோகம் திரும்பக் கிடைக்கும்; மெழுகுக் கூலியை நான் விட்டுக்கொடுத்தேன்.

முதல் உருவை மூசைக்குள் போக வெட்டவேண்டும். கை, கால், பீடம் என்று வெட்டிய பையன்கள் தலையை மட்டும் நாலு நாள் தொடவில்லை. அவர்களில் யாரும் கிறிஸ்தவர் இல்லை. கடைசியில் ஸ்தபதியாரே வந்து வெட்டினார்.

துணி

இந்த முறை கணக்கை மட்டும் திருத்தினால் போதாது, கையையும் மாற்றுங்கள் என்றார் ஸ்தபதியார். உயர்ந்து நிற்கும் மெல்லிய கைக்கு உலோகம் தோள் வழியாக மட்டும் ஏறுகிறது. வழியிலேயே சூடு இறங்கிவிடும். ஒன்று கையைத் தாழ்த்தவேண்டும், அல்லது கைக்கு இரண்டாவது வழி வேண்டும். பட்டறையில் மெழுகுக் குச்சி ஒன்றை மணிக்கட்டுக்கும் பீடத்துக்கும் இடையில் ஒட்டி வழி கொடுப்பார்கள். வார்த்த பிறகு வெட்டி எறிவார்கள். நடராசரின் விரிந்த சடையும் பறக்கும் துணியும் திருவாசியைத் தொட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க ஆட்டத்தின் வேகம். நீட்டிய உறுப்பைத் தாங்குவதும் அதுதான்.

குச்சியை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உயர்ந்த மணிக்கட்டிலிருந்து தோளுக்குப் பின்னால் இறங்கி, முதுகை ஒட்டி வந்து, பீடத்தின் விளிம்பு வரை. இதை ஏன் வெட்டவேண்டும்? தட்டையாக்கி மடிப்புக் கொடுத்தேன். துணியாகிவிட்டது. உயிர்த்தவரின் கையில் துணி என்றால் அது ஒரே துணிதான், அவரைச் சுற்றிப் புதைத்த துணி.

மெழுகு உருவைச் சாமியிடம் காட்ட ஊருக்குக் கொண்டுபோனேன், இந்தத் தடவை பட்டறை மெழுகு, தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் பொட்டலங்களோடு. பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் முடிந்து நாலைந்து பேர் இருந்தார்கள். ஊரில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் உடனே ஆட்சேபித்தார். யோவான் நற்செய்தி இருபதாம் அதிகாரத்தில் துணிகள் கல்லறையிலேயே கிடந்தன என்று தெளிவாக இருக்கிறதே, கையில் எப்படி வரும்? எனக்குப் பதில் வரவில்லை. சாமி குனிந்து பீடத்தைப் பார்த்தார். "முனை தரையில கிடக்குது பாருங்க. கழன்டுக்கிட்டு இருக்கு. இன்னொரு அடி வச்சா முழுசும் விழுந்துரும்" என்றார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஆத்தா ஒருவர் எழுந்து வந்து, மெழுகைத் தொடாமல் கிட்டத்தில் பார்த்தார். "இது கோடித்துணிதானே?" என்று கேட்டார்.

செத்தவருக்கு உறவுக்காரர்கள் கொண்டுவந்து போர்த்துவதும் கோடிதான், பொங்கலுக்கு உடுத்துகிற புதுத்துணியும் கோடிதான். இரண்டுக்கும் நம் வீடுகளில் ஒரே சொல். நான் அதுவரை 'கல்லறைத் துணி' என்றுதான் என் குறிப்பில் எழுதியிருந்தேன். அன்றிரவு அதை அடித்துவிட்டுக் கோடித்துணி என்று எழுதினேன். இந்தச் சுரூபத்தில் தமிழாக ஏதாவது இருக்கிறது என்றால் அது இதுதான். முகத்துக்கும் உடைக்கும் முத்திரைக்கும் நான் செலவிட்ட யோசனையிலிருந்து அது வரவில்லை. உலோகம் விரலுக்குப் போய்ச் சேர வழி தேடியதில் வந்தது.

இரண்டாவது வார்ப்பு

கணக்கை இந்தமுறை தண்ணீரில் போட்டோம். அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, மெழுகு உருவை அமுக்கி, வழிந்த தண்ணீரை அளந்தால் பருமன் கிடைத்துவிடும். மெழுகு எதுவானாலும் கவலை இல்லை. ஸ்தபதியார் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம் எட்டு மடங்கையும் போட்டுப் பார்த்தார். அவருடைய கணக்கு கைக்காவலோடு ஒரு கிலோ கூடவே வந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

ஐம்பொன்னில் பெரும்பங்கு செம்பு, பிறகு பித்தளை, கொஞ்சம் ஈயம். பொன்னும் வெள்ளியும் பெயருக்குத்தான். அந்தப் பெயருக்கானதை ஊர்ப் பெண்கள் கொடுத்தார்கள்: ஒரு தோட்டின் திருகு, அறுந்த கொலுசின் இரண்டு முத்து, கல் விழுந்த மூக்குத்தி. ஒரு சுருக்குப் பையில் வந்தது. ஸ்தபதியார் அதை அப்படியே கொட்டாமல் ஒவ்வொன்றாக எடுத்து மூசையில் போட்டார். வார்ப்பு அதிகாலையில். மூன்று மூசை, இடைவெளி இல்லாமல். வாய் நிறைந்து மேலே ததும்பியது. உடைத்தபோது துணியின் மடிப்பு வழியாகப் போன உலோகம் ஐந்து விரலிலும் நின்றது.

செதுக்கு வேலை ஒரு மாதத்துக்குமேல். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். உள்ளங்கைக் காயத்தை முதல் உருவில் மெழுகிலேயே துளையாக வைத்திருந்தேன். அந்த மெல்லிய கையில் துளை ஓட்டத்தை இன்னும் நெருக்கியிருக்கும். அதனால் இந்தமுறை கை முழுசாக வார்க்கப்பட்டது. எல்லாம் முடிந்த பிறகு ஸ்தபதியார் கேட்டார், எங்கள் வழக்கத்தில் கடைசியாகக் கண் திறப்போம், உங்களுக்கு என்ன செய்வது? கண் ஏற்கெனவே திறந்திருந்தது. பாக்கி இருந்தது காயம்தான். சாமி பைபிளிலிருந்து சங்கீதம் ஒன்றை வாசிக்க, ஸ்தபதியார் சின்ன உளியால் இரண்டு கையிலும் வெட்டினார். தெறித்த செதிலைப் பொறுக்கி ஒரு தாளில் மடித்து மேலே பூசைப் படத்துக்குப் பின்னால் செருகினார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

புளி

சுரூபம் கோவிலுக்கு வந்த முதல் வருடம், உயிர்ப்பு விழாவுக்கு முந்தின நாள் பெண்கள் அதைப் புளி போட்டு விளக்கிவிட்டார்கள். செட்டிநாட்டில் பித்தளை, வெண்கலம் எது கண்ணில் பட்டாலும் விளக்காமல் விடமாட்டார்கள். நான் கொடுத்திருந்த மங்கலான பழுப்பு நிறம் போய்ச் சுரூபம் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. நிறம் போனது பெரிய விஷயமில்லை. வீட்டுப் புளியில் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வைத்திருப்பார்கள். துணியின் மடிப்புகளுக்குள் தங்கிய அந்த உப்பு மழைக்காலத்தில் பச்சையாகப் பூத்தது. செம்பு கலந்த உலோகத்துக்கு உப்புதான் எமன்; சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே ஆய்வுக்கூடம் வைத்தது செப்புத்திருமேனிகளின் இந்த அரிப்பைப் பார்க்கத்தான். காய்ச்சி ஆறின சுத்தத் தண்ணீரால் பலமுறை கழுவி, காயவைத்து, மெல்லிய பருத்தித் துணியால் தேன்மெழுகு பூசினேன். இரண்டு வருடமாகப் பூக்கவில்லை.

புளி கூடாது என்று சொன்னதில் ஊரில் கொஞ்சம் வருத்தம்தான். "வெளக்காம எப்படித் தம்பி சாமி முன்னாடி வைக்கிறது?" என்று இன்னும் கேட்கிறார்கள். பீடம் உயரம், நாலடி. பூசை முடிந்து போகிறவர்களுக்கு ஆண்டவரின் கால் எட்டாது, கை எட்டவே எட்டாது. விளிம்புக்கு வெளியே தொங்கும் கோடித்துணியின் நுனி மட்டும்தான் எட்டும். சுரூபம் முழுதும் பழுப்பாக இருக்கிறது. அந்த நுனி, கட்டைவிரல் அகலத்துக்கு, புளியே இல்லாமல் மின்னுகிறது.